ரோடம் வளையத்தில் எல்எஸ்சி பாதை: 24/12 பிழை வருகிறது. என்கோடிங் டைப்புக்கும் ஸ்விட்சிங் டைப்புக்கும் என்ன வித்தியாசம்?

நாரிழை (கேள்வி)

ஆய்வகத்தில் ஐந்து ரோடம் (அலைநீளங்களைத் தனித்தனியாகச் சேர்த்து, பிரித்து, திருப்பும் ஒளிக் கருவி) நோடுகளை வளையமாகக் கட்டி ஜிஎம்பிஎல்எஸ் (நோடுகளே பேசிப் பாதை எழுப்பும் நெறிமுறைத் தொகுப்பு) ஓட்டிப் பார்க்கிறோம். 1–2–3–4–5, திரும்ப 1. கிரிட் 50 கிகாஹெர்ட்ஸ், 96 சேனல். கன்ட்ரோல் சேனல் 1510 நானோமீட்டர் ஓஎஸ்சி (அதே ஃபைபரில் ஓடும் தனி மேற்பார்வைச் சேனல்) மேல் போகிறது. ரூட்டிங்குக்கு ஓஎஸ்பிஎஃப்-டிஇ, சிக்னலிங்குக்கு, அதாவது பாதையைக் கேட்டு எழுப்ப, ஆர்எஸ்விபி-டிஇ. 3-ஆம் நோடில் மட்டும் போன வாரம் புது மென்பொருள் ஏற்றியிருக்கிறது.

1-இலிருந்து 4-க்கு இருதிசை 100ஜி ஈதர்நெட் பாதை வேண்டும். பாத் மெசேஜில் (பாதை கேட்டு முன்னோக்கிப் போவது) என்கோடிங் 8, ஸ்விட்சிங் டைப் 150, ஜி-பிட் 33 கொடுக்கிறேன்.

2, 3 வழியாக ஸ்ட்ரிக்ட் ஈஆர்ஓ (எந்தெந்த நோடு வழியாகப் போக வேண்டும் என்ற கறாரான பட்டியல்) கொடுத்தால் 3-ஆம் நோடு பாத்எர்ரர் (மறுப்பு மெசேஜ்) அனுப்புகிறது: கோட் 24, வேல்யூ 12. 5 வழியாகக் கொடுத்தால் பாதை எழும்புகிறது, ஆனால் அலைநீளத்தை மென்பொருளே தேர்ந்தெடுத்தால் மட்டும். 193.4 டெராஹெர்ட்ஸ்தான் வேண்டும் என்று அப்ஸ்ட்ரீம் லேபிளை (வரும் திசைக்கான அலைநீளத்தைக் குறிக்கும் எண்) கையால் கொடுத்தால் (ஹெக்ஸில் 22000003) 5-ஆம் நோடு 24/6 என்று தள்ளிவிடுகிறது. அந்த அலைநீளம் அங்கே காலியாகத்தான் இருக்கிறது.

பாதை எழும்பினாலும், எல்எஸ்பி (எழுப்பிய பாதை) ‘அப்’ என்று காட்டி ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் கழித்துத்தான் ரிசீவர் லாக் ஆகிறது. அதுவரை அலாரம் கொட்டுகிறது. நீக்கும்போதும் அதே கூத்து: 5-இலும் 4-இலும் சிக்னல் இழப்பு அலாரம்.

அடிப்படையான சந்தேகம் ஒன்றும் உண்டு. என்கோடிங் 8 என்றாலும் லேம்டா (அலைநீளம்), ஸ்விட்சிங் 150 என்றாலும் லேம்டா. ஒரே விஷயத்தை எதற்கு இரண்டு இடத்தில் சொல்கிறோம்?

---

தடம்பார்ப்பவர்

கடைசிச் சந்தேகத்திலிருந்து தொடங்குகிறேன். அது தெளிந்தால் 24/12 பாதி தெளிந்த மாதிரி.

ஜெனரலைஸ்டு லேபிள் ரிக்வெஸ்ட் மொத்தம் 32 பிட். முதல் 8 பிட் என்கோடிங், அடுத்த 8 ஸ்விட்சிங் டைப், மீதி 16 ஜி-பிட். மூன்றும் மூன்று பேரைப் பார்த்துக் கேட்கிற மூன்று கேள்விகள்.

என்கோடிங் என்பது இந்த எல்எஸ்பி எந்த வடிவத்தில் போகிறது என்பது. லிங்க்கின் குணம் இல்லை, எல்எஸ்பியின் குணம். 1 என்றால் பாக்கெட், 2 ஈதர்நெட், 5 எஸ்டிஹெச், 8 லேம்டா, 9 முழு ஃபைபர், 12 ஜி.709 ஓடியூ (டிஜிட்டல் பாதை), 13 ஜி.709 ஆப்டிகல் சேனல். 8 என்று எழுதினால் அதற்கு ஒரு கறாரான பொருள் உண்டு: நடுவில் எங்கேயும் மின்சாரமாக மாற்றாதே, மாடுலேஷனும் வேகமும் உனக்குத் தெரிய வேண்டியதில்லை, வந்த ஒளியை அப்படியே கடத்து. அதனால் வழியில் ஒரு ரீஜெனரேட்டர் (ஒளியை மின்சாரமாக்கித் திரும்ப ஒளியாக்குவது) உட்கார்ந்திருந்தால், அது 8-ஐ ஏற்கக் கூடாது. 24/14 (ஆதரிக்காத என்கோடிங்) அனுப்ப வேண்டும். ரீஜெனரேட்டருக்கு ஃப்ரேமிங் தெரிந்தே ஆக வேண்டும். அப்படிப்பட்ட பாதைக்கு 13 மாதிரி, ஃப்ரேம் இன்னது என்று சொல்லும் என்கோடிங்தான் பொருந்தும்.

ஸ்விட்சிங் டைப் என்பது இந்த லிங்க்கில் எதை அலகாக வைத்துத் திருப்ப வேண்டும் என்பது. ஒரே லிங்க் இரண்டு மூன்று திறன்களை விளம்பரப்படுத்தலாம். அப்போது எதைக் கேட்கிறோம் என்று சொல்லாவிட்டால் நோடுக்குத் தெரியாது. பிஎஸ்சி-1 (பாக்கெட்) என்றால் 1, எல்2எஸ்சி (லேயர் 2) 51, டிடிஎம் (நேரப் பிரிவு) 100, எல்எஸ்சி (அலைநீளம்) 150, எஃப்எஸ்சி (முழு ஃபைபர்) 200.

ஆக, என்கோடிங் 13, ஸ்விட்சிங் 150 என்பதும் செல்லும், என்கோடிங் 8, ஸ்விட்சிங் 150 என்பதும் செல்லும். இரண்டிலும் திருப்புவது அலைநீளத்தைத்தான். முதலாவதில் உள்ளே என்ன ஃப்ரேம் என்று நடு நோடுக்குத் தெரியும், இரண்டாவதில் தெரியாது.

ஜி-பிட் இரு முனைகளின் விஷயம். உள்ளே ஏறும் கிளையன்ட் எது என்று சொல்வது. நடு நோடுகள் அதைச் சோதிப்பதில்லை. கடைசி நோடுக்குப் பிடிக்கவில்லை என்றால் 24/10 வரும். அந்தப் பிழையின் பெயர் இன்னமும் ‘அன்சப்போர்ட்டட் எல்3பிட்’ தான். பழைய எம்பிஎல்எஸ் காலத்துப் பெயரை யாரும் மாற்றவில்லை. லாகில் பார்த்து லேயர் 3-இல் தேடப் போகாதீர்கள்.

இப்போது 24/12. ஸ்விட்சிங் டைப் சோதனை நடப்பது பாத் உள்ளே வருகிற இன்டர்ஃபேஸில். அதாவது 3-ஆம் நோடு, 2-ஐப் பார்த்த தன் இன்டர்ஃபேஸில் 150 இல்லை என்கிறது. 3 விளம்பரப்படுத்தும் டைப் 10 ஒபேக் எல்எஸ்ஏவை (ஓஎஸ்பிஎஃப்-டிஇயின் விளம்பரம்) திறந்து, லிங்க் டிஎல்வியின் உள்ளே துணை டிஎல்வி 15-ஐ, அதாவது ஐஎஸ்சிடியை (இன்டர்ஃபேஸின் ஸ்விட்சிங் திறன் விவரம்) பாருங்கள். முதல் பைட் என்ன எண்? மற்ற நோடுகளில் என்ன?

---

நாரிழை

பார்த்தேன். 1, 2, 4, 5 எல்லாவற்றிலும் 150. 3-ஆம் நோடின் இரண்டு லிங்க்கிலும் 151. என்கோடிங் எல்லா இடத்திலும் 8.

பாத் மெசேஜில் 151 என்று மாற்றிப் பார்த்தேன். இப்போது 2-ஆம் நோடே 24/12 அனுப்புகிறது!

---

தடம்பார்ப்பவர்

அதேதான் நடக்கும். 151 என்பது டபிள்யூஎஸ்ஓஎன்-எல்எஸ்சி (அலைநீள நெட்வொர்க்குக்கென்றே வந்த எல்எஸ்சி), ஆர்எஃப்சி (ஐஇடிஎஃப் ஆவணம்) 7688-இல் வந்தது. 150 விளம்பரம் அலைவரிசை அகலத்தை மட்டும் சொல்லும். எந்த அலைநீளம் காலி என்று சொல்லாது. 151-இல் காலி லேபிள் பட்டியலையும் சேர்த்து அனுப்பலாம். புது மென்பொருள் அதற்குத் தாவிவிட்டது.

பாத்தில் ஒரே ஒரு ஸ்விட்சிங் டைப்தான் எழுத முடியும். 150 எழுதினால் 3 மறுக்கும், 151 எழுதினால் 2 மறுக்கும். எதை எழுதினாலும் யாராவது ஒருவர் கையை விரிப்பார். 3-ஆம் நோடில் பழைய முறையிலும் விளம்பரப்படுத்தும் வசதி இருக்கிறதா பாருங்கள். ஒரே லிங்க்குக்கு இரண்டு ஐஎஸ்சிடி வைக்கலாம், தடையே இல்லை. அந்த வசதி இல்லையென்றால் ஐந்தையும் ஒரே பதிப்புக்குக் கொண்டுவருவதுதான் வழி.

இன்னொன்று. நீங்கள் ஸ்ட்ரிக்ட் ஈஆர்ஓ கொடுத்ததால்தான் இது சிக்னலிங் வரை வந்து உடைந்தது. வழியை சிஎஸ்பிஎஃப் (நிபந்தனைகளைப் பார்த்துக் குறுகிய வழி தேடுவது) கணக்கிட விட்டிருந்தால் 150 இல்லாத லிங்க்கைக் கணக்கிலேயே சேர்க்காமல் 5 வழியாகப் போயிருக்கும். 3-ஆம் நோடு பக்கம் பாதையே போகவில்லையே என்று ஒரு மாதம் கழித்துக் கண்டுபிடித்திருப்பீர்கள். பிழை வந்தது நல்லதுதான்.

ஓடிஎன் (ஜி.709 ஒளிப் போக்குவரத்து நெட்வொர்க்) பக்கத்திலும் இதே கதை உண்டு. பழைய ஆர்எஃப்சி 4328 வழியில் ஓடியூ பாதைக்கு ஸ்விட்சிங் 100. ஆர்எஃப்சி 7138, 7139 வந்த பிறகு 110. என்கோடிங் இரண்டிலும் 12-தான். பாதி நோடு பழையது, பாதி புதியது என்றால் இதே 24/12.

---

லேம்டாகணக்கன்

24/6 பற்றி நான் சொல்றேன்.

22000003-ஐப் பிரிச்சுப் பாருங்க. ஆர்எஃப்சி 6205 லேபிள்: முதல் 3 பிட் கிரிட், அடுத்த 4 பிட் சேனல் இடைவெளி, 9 பிட் அடையாள எண், கடைசி 16 பிட் ‘என்’. உங்க லேபிளில் கிரிட் 1 (டிடபிள்யூடிஎம்), இடைவெளி 1, அதாவது 100 கிகாஹெர்ட்ஸ், என் = 3. அதிர்வெண் = 193.1 + 3 × 0.1 = 193.4. சரிதான், கணக்கு தப்பில்லை.

ஆனா உங்க நெட்வொர்க் 50 கிகாஹெர்ட்ஸ். அங்கே இடைவெளி மதிப்பு 2, அதே 193.4-க்கு என் = 6. லேபிள் 24000006. ஒளிக்கு இரண்டும் ஒண்ணு, 1550.12 நானோமீட்டர். ஆனா 32 பிட்டையும் பிட்டுக்குப் பிட் ஒப்பிடுற மென்பொருளுக்கு இரண்டும் வேற வேற. அது தன் பட்டியல்ல 22000003-ஐத் தேடும், கிடைக்காது, ‘ஏற்க முடியாத லேபிள்’னு 24/6 அனுப்பும். தானாத் தேர்ந்தெடுக்க விட்டா 1-ஆம் நோடு தன் 50 கிகாஹெர்ட்ஸ் பட்டியல்ல இருந்து எடுக்குது, அதனால போகுது. 24000006 போட்டுப் பாருங்க.

இதே இடத்துல இன்னும் இரண்டு குழி இருக்கு.

‘என்’ குறியுள்ள எண். 193.1-க்குக் கீழே போனா மைனஸ். 192.1 டெராஹெர்ட்ஸுக்கு 50 கிகாஹெர்ட்ஸ் கணக்குல என் = −20. இதைக் குறியில்லாத எண்ணாப் படிக்கிற ஸ்கிரிப்ட் 65516னு காட்டும். கையால ஸ்கிரிப்ட் எழுதிப் பார்க்கிறவங்க முதல்ல தடுமாறுற இடம் இதுதான். பட்டியல்ல மேல் பாதி சேனல் எல்லாம் வேலை செய்யும், கீழ் பாதி மட்டும் செய்யாது. அப்படி ஒரு அறிகுறி கண்டா நேரா இங்கே வாங்க.

அடுத்தது அந்த 9 பிட் அடையாள எண். ஒரே நோடில் ஒரே அலைநீளத்தை அனுப்பக்கூடிய பல லேசர் இருந்தா எதுன்னு பிரிச்சுச் சொல்ல அது. ஒவ்வொரு நோடும் தனக்குள்ளே வச்சுக்கிற எண். ஹாப்புக்கு ஹாப் மாறலாம். ஈஆர்ஓ உள்ளே லேபிள் கொடுக்கும்போது மட்டும் 0 போட்டா ‘நீயே எதையாவது வச்சுக்கோ’ன்னு அர்த்தம். முன்னால லாகில் பார்த்த லேபிளை அப்படியே வெட்டி ஈஆர்ஓவில் ஒட்டினா, வேற நோடோட அடையாள எண்ணும் சேர்ந்து ஒட்டிக்கும். ஈஆர்ஓவில் எழுதும்போது அந்த 9 பிட்டை எப்பவும் 0 ஆக்குங்க.

ஃப்ளெக்ஸ் கிரிட்டுக்கு (சேனல் அகலத்தை மாத்தக்கூடிய கிரிட்) மாறினா லேபிளே 64 பிட். கிரிட் 3, இடைவெளி 5 (6.25 கிகாஹெர்ட்ஸ்), ‘என்’னோட ‘எம்’மும் வரும், அகலம் எம் × 12.5. 50 கிகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு எம் = 4. 193.4-க்கு என் = 48. ஸ்விட்சிங் டைப்பும் 152 ஆகிடும்.

---

நாரிழை

24000006 வேலை செய்கிறது. நன்றி. 3-இல் ‘பழைய விளம்பரமும் சேர்த்து’ என்று ஒரு அமைப்பு இருந்தது. போட்டதும் 2–3 வழியும் எழும்பிவிட்டது.

இருதிசைப் பாதையில் அப்ஸ்ட்ரீம் லேபிளை நான்தான் முதலிலேயே தேர்ந்தெடுக்க வேண்டுமா? நாலாவது ஹாப்பில் அது காலியா என்று எனக்கு எப்படித் தெரியும்?

---

லேம்டாகணக்கன்

தெரியாது, அதுதான் சங்கடம்.

போற திசைக்கு லேபிள் செட் இருக்கு. 1-ஆம் நோடு தன்கிட்ட காலியா இருக்கிற 40 லேபிளை எழுதி அனுப்பும். 5 தன்கிட்ட இல்லாததை அடிச்சுட்டு 25-ஆக் குறைச்சு அனுப்பும். கடைசி நோடு மிச்சத்துல ஒண்ணை எடுத்து ரெஸ்வ் மெசேஜில் திருப்பி அனுப்பும். நடுவுல அலைநீளத்தை மாத்துற வசதி இல்லாததால ஒரே அலைநீளம் முழுக்க ஓடணும். லேபிள் செட் சுருங்கிச் சுருங்கி எங்கேயாவது காலியானா அந்த நோடு 24/11 அனுப்பும்.

வர்ற திசைக்கு இந்த வசதி இல்லை. அப்ஸ்ட்ரீம் லேபிள் ஒண்ணே ஒண்ணு, பாத் கிளம்பும்போதே எழுதணும். வழியில் மறுப்பு வந்தா, மறுக்கிற நோடு பாத்எர்ரரோட ‘ஏற்கத்தக்க லேபிள் பட்டியல்’ சேர்த்து அனுப்பலாம். கட்டாயம் இல்லை, ‘லாம்’ தான். உங்க மென்பொருள் அனுப்புதான்னு பாக்கெட்டைப் பிடிச்சுப் பாருங்க. அனுப்பினா இரண்டாவது முயற்சியிலேயே பாதை எழும்பும், இல்லைன்னா குருட்டாம்போக்குல தேடணும்.

ஆர்எஃப்சி 8359 இதுக்கு ஒரு வழி கொடுத்திருக்கு: அப்ஸ்ட்ரீம் லேபிளில் 32 பிட்டையும் 1 ஆக்கி அனுப்பினா, ‘நெட்வொர்க்கே தேர்ந்தெடுத்துச் சொல்லட்டும்’னு பொருள். ரோடத்துக்கு வெளியே ரூட்டர்ல டிரான்ஸ்பாண்டர் (கிளையன்ட் சிக்னலை அலைநீளமா மாத்துற அட்டை) இருந்தா இது ரொம்ப உபயோகம். ஆனா எதிர்ப்பக்கம் அந்த ஆர்எஃப்சி தெரியாட்டா, அதை நிஜ லேபிளா நினைச்சு 24/6 அனுப்பிடும்.

எல்லா நோடும் காலியில் முதல் எண்ணையே எடுக்கிற பழக்கத்துல இருந்தா, ஒரே நேரத்துல இரண்டு கோரிக்கை வந்தா நிச்சயம் ஒரே அலைநீளத்துல மோதும். தற்செயலா எடுத்தா மோதல் குறையும், ஆனா அலைநீளங்கள் அங்கங்கே சிதறிப் போய், நீண்ட பாதைக்கு முழுக்கக் காலியா ஒண்ணு கிடைக்கிறது கஷ்டமாகும். ஐந்து நோடு வளையத்துக்கு முதல் எண்ணே போதும். எதிரெதிர் திசையில் வந்த இரண்டு பாத் ஒரே லிங்க்கில் மோதினா, நோடு ஐடி பெரிசா இருக்கிறவர் ஜெயிப்பார். மத்தவருக்கு 24/9 (லேபிள் ஒதுக்க முடியலை) போகும்.

---

பவர்மீட்டர்

ஒன்றரை நிமிடக் கதைக்கு வருகிறேன். இதில் சிக்னலிங்கின் தவறு எதுவும் இல்லை.

ரெஸ்வ் திரும்பி வந்தது என்றால் லேபிள் ஒதுக்கியாகிவிட்டது, கிராஸ்கனெக்ட் கட்டளை போய்விட்டது என்று பொருள். ஒளி ஓடுகிறது என்று பொருள் இல்லை. நடுவில் நடப்பதை வரிசையாகப் பாருங்கள். லேசர் 193.4-க்கு டியூன் ஆகி நிலைக்கப் பல நொடி. டபிள்யூஎஸ்எஸ் (அலைநீளம் பிரித்துத் திருப்பும் ஸ்விட்ச்) திரும்பச் சில பத்து முதல் சில நூறு மில்லிநொடி. அது பெரிய விஷயமில்லை. பெரிய விஷயம் பவர் சமன்செய்தல். ஒவ்வொரு ரோடமும் அந்தச் சேனலை அதிக அட்டென்யூவேஷனோடு திறந்து, படிப்படியாகக் குறைத்து, தன் லாஞ்ச் பவர் இலக்குக்குக் கொண்டுவரும். இதை மேல்நோடு முடித்தபின்தான் கீழ்நோடு தொடங்க முடியும். மேலே பவர் ஆடிக்கொண்டிருக்கும்போது கீழே அளந்தால் அந்த அளவுக்கு மதிப்பில்லை. எனவே நோடுகளின் எண்ணிக்கையால் பெருகும். கடைசியாகக் கோஹரன்ட் ரிசீவர் டிஸ்பெர்ஷனை (ஃபைபரில் சிக்னல் பரவுவது) கணித்து லாக் ஆக வேண்டும்.

இதை அவசரப்படுத்தாதீர்கள். எட்ஃபா (ஒளிப் பெருக்கி) கான்ஸ்டன்ட் அவுட்புட் பவரில் ஓடுகிறதா, கான்ஸ்டன்ட் கெயினில் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். ஆய்வகத்தில் ஒன்றிரண்டு சேனல்தான் இருக்கும். மொத்த பவரை நிலையாக வைக்கும் முறையில், ஒரு சேனல் ஓடும் ஃபைபரில் இரண்டாவதைச் சேர்த்தால் முதலாவது 3 டெசிபெல் விழும். நீக்கினால் 3 டெசிபெல் ஏறும். பத்துச் சேனலில் பதினொன்றாவதைச் சேர்த்தால் 0.4 டெசிபெல்தான். ஆய்வகத்தில் பயமுறுத்துவது களத்தில் தெரியாமல் போவதும், களத்தில் ஃபைபர் அறுந்து முப்பது சேனல் ஒரே நொடியில் போகும்போது மிச்சச் சேனல்கள் துள்ளுவதும் இதனால்தான். கான்ஸ்டன்ட் கெயினில் வையுங்கள்.

அலாரத்துக்கு சிக்னலிங்கிலேயே வழி இருக்கிறது. அட்மின்_ஸ்டேட்டஸ் ஆப்ஜெக்டின் கடைசி மூன்று பிட்: டி, ஏ, டி. (தமிழில் இரண்டும் ஒரே எழுத்து, மன்னிக்கவும்: 4 என்றால் சோதனை, 2 என்றால் நிர்வாக ரீதியில் முடக்கம், 1 என்றால் நீக்கம்.) பாதையை 2-ஐ வைத்து எழுப்புங்கள். கிராஸ்கனெக்ட் எல்லாம் நடக்கும், அலாரம் மட்டும் அடங்கியிருக்கும். ரிசீவர் லாக் ஆனதும் 2-ஐ எடுத்து பாத்தைப் புதுப்பியுங்கள். எப்போது தரவு அனுப்பலாம் என்பதற்கென்றே ஆர்எஃப்சி 6383 எழுதியிருக்கிறார்கள். குட்டி ஆவணம், படித்துவிடுங்கள்.

---

தடம்பார்ப்பவர்

நீக்கும்போது வரும் அலாரமும் அதே ஆப்ஜெக்டால் தீரும். நீங்கள் நேரடியாகப் பாத்டியர் (பாதையை நீக்கும் மெசேஜ்) அனுப்புகிறீர்கள் என்று நினைக்கிறேன். பாத்டியர் கிடைத்த நோடு உடனே கிராஸ்கனெக்டைப் பிரித்துவிடும். அடுத்த நோடுக்கு அந்த மெசேஜ் போய்ச் சேர்ந்து செயலாவதற்குள் அங்கே ஒளி போய்விடும். எல்எஸ்பி உயிரோடு இருக்கிறது, ஒளி இல்லை; அதன் கணக்கில் இது ஃபைபர் அறுப்பு. புரொடெக்ஷன் இருந்தால் மாற்றுப் பாதைக்குத் தாவவும் செய்யும்.

முறை இது: முதல் நோடு பாத்தில் அட்மின்_ஸ்டேட்டஸ் வைத்து, நீக்கப் பிட்டையும் உச்சியில் இருக்கும் ‘பிரதிபலி’ பிட்டையும் 1 ஆக்கி அனுப்பும். வழியில் எல்லா நோடும் ‘இது போகப்போகிறது’ என்று குறித்துக்கொண்டு அலாரத்தை அடக்கும். கடைசி நோடு ரெஸ்வில் அதைத் திருப்பி அனுப்பும். அது வந்தபின்தான் பாத்டியர். கடைசி நோடுக்கு இந்த ஆப்ஜெக்ட் தெரியாவிட்டால் பதில் வராது. அதற்காக முதல் நோடு காத்திருக்கும் நேரம் இயல்பாக 30 நொடி. நீக்கக் கட்டளை கொடுத்தபின் சரியாக அரை நிமிடம் கழித்துப் பாதை போனால், யாரோ பதில் சொல்லவில்லை என்று பொருள். நடு நோடுக்குத் தெரியாவிட்டால் கவலையில்லை, தொடாமல் கடத்திவிடும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆர்எஸ்விபி சாஃப்ட் ஸ்டேட், அதாவது புதுப்பிக்காவிட்டால் பாதை தானே காலாவதியாகும். புதுப்பிப்பு 30 நொடிக்கு ஒருமுறை, அடுத்தடுத்து இரண்டு தவறினாலும் தாங்கும் கணக்கில் (கே = 3) ஆயுள் (3 + 0.5) × 1.5 × 30 = 157.5 நொடி. ஓஎஸ்சி அட்டையைக் கழற்றி மூன்று நிமிடம் கழித்துச் செருகினால் பாதைகள் காணாமல் போயிருந்தால், அதற்குக் காரணம் இந்த எண். ஒளிப் பாதைக்கு அது கூடாது: கன்ட்ரோல் சேனல் போனதால் ஓடிக்கொண்டிருக்கும் ஒளியை அணைப்பது அநியாயம். ஹலோ மெசேஜில் ரீஸ்டார்ட்_கேப் (தொடர்பு திரும்பும்வரை பாதை நிலையைக் காக்க உதவுவது) வைத்து, ரீஸ்டார்ட் நேரத்தை உங்கள் அட்டை மாற்றும் நேரத்தைவிடத் தாராளமாகக் கொடுங்கள். முடிந்தால் மேனேஜ்மென்ட் நெட்வொர்க் வழியாக இரண்டாவது கன்ட்ரோல் சேனலும் வையுங்கள். ஓஎஸ்சி எட்ஃபாவுக்குள் போவதில்லை, ஆம்ப்ளிஃபையர் அணைந்தாலும் அது ஓடும். ஆனால் ஃபைபரே அறுந்தால் அதுவும் சேர்ந்தே போகும். பாதையை மாற்றச் சொல்லி மெசேஜ் அனுப்ப வேண்டிய நேரம் அதுதான்.

---

புதுநூல்

மாணவன், குறுக்கே ஒரு கேள்வி. பாடத்தில் ‘சர்க்கிட், பர்ஸ்ட், பாக்கெட்’ என்று மூன்று ஆப்டிகல் ஸ்விட்சிங் வகை சொல்கிறார்கள். இங்கே பேசுகிற ஸ்விட்சிங் டைப்பும் அதுவும் ஒன்றா?

---

லேம்டாகணக்கன்

ஒண்ணு இல்லை. இங்கே பேசுறது எல்லாம் சர்க்கிட்டுக்குள்ளே ‘எந்த அலகு’ங்கிற பிரிவு. நீங்க சொல்றது எப்போ, எவ்வளவு நேரத்துக்கு ஒதுக்குறதுங்கிற பிரிவு.

சர்க்கிட்டில் பாத் போய் ரெஸ்வ் திரும்பணும். 1000 கிலோமீட்டருக்கு ஃபைபரில் போக மட்டும் 5 மில்லிநொடி, திரும்ப 5. மாதக்கணக்கில் ஓடுற பாதைக்கு அது ஒண்ணுமே இல்லை. பர்ஸ்டில் பதிலுக்குக் காத்திருக்கிறதில்லை: கன்ட்ரோல் பாக்கெட் முன்னால போகும், கணக்கிட்ட இடைவெளி விட்டு பர்ஸ்ட் பின்னாலேயே கிளம்பும். வழியில் இடம் கிடைச்சா போகும், கிடைக்கலைன்னா அந்த பர்ஸ்ட் அங்கேயே காலி. பாக்கெட்டில் அந்த இடைவெளியும் இல்லை, தலைப்பைப் படிக்கிற வரைக்கும் ஒளியை எங்கேயாவது நிறுத்தி வைக்கணும். ஒளிக்கு ராம் கிடையாது, ஃபைபர் சுருள்தான் உண்டு. 100ஜி வேகத்துல 1500 பைட் பாக்கெட்டை ஒரு பாக்கெட் நேரம் தாமதிக்க ஏறக்குறைய 24 மீட்டர் ஃபைபர் வேணும். வரிசையில் நூறு பாக்கெட் நிக்குதுன்னா நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. அதனாலதான் இரண்டும் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தோட நின்னுடுச்சு.

---

பவர்மீட்டர்

தேர்வுக்கு இன்னொரு மூன்றும் கேட்பார்கள்: பாதை எழுப்பும் வகை. முழுக்க மேனேஜ்மென்ட் வைத்து நோடு நோடாகக் கட்டினால் பெர்மனன்ட். இரு முனையை மட்டும் மேனேஜ்மென்ட் சொல்லி, நடுவில் சிக்னலிங் கட்டினால் சாஃப்ட் பெர்மனன்ட். கிளையன்ட் கருவியே யூஎன்ஐ (பயனருக்கும் நெட்வொர்க்குக்கும் இடையிலான இடைமுகம்) வழியாகக் கேட்டுக் கட்டிக்கொண்டால் ஸ்விட்ச்டு. இது ஐடியூவின் ஜி.8080 சொல்லும் பிரிவு. மேலே நாரிழை செய்துகொண்டிருப்பது இரண்டாவது வகை. சிக்னலிங்குக்கு அதே ஐடியூ ஆவண வரிசையில் பிஎன்என்ஐ, ஆர்எஸ்விபி-டிஇ, சிஆர்-எல்டிபி என்று மூன்று உண்டு; சிஆர்-எல்டிபியை மேற்கொண்டு வளர்ப்பதில்லை என்ற முடிவை ஐஇடிஎஃப் 2003-இலேயே ஆவணமாக வெளியிட்டுவிட்டது. அதற்காக இரவு கண்விழிக்க வேண்டாம்.

---

கட்டுப்பாட்டறை

எல்லாம் சரி, இதையெல்லாம் இன்று ஒரு எஸ்டிஎன் கன்ட்ரோலர் (எல்லா நோடுகளையும் ஒரே இடத்திலிருந்து இயக்கும் மென்பொருள்) நெட்கான்ஃப் வழியாகச் செய்துவிடாதா? இத்தனை லேபிள் செட் சண்டை எதற்கு?

---

தடம்பார்ப்பவர்

புதுப் பாதை எழுப்ப, செய்துவிடும். அலைநீளம், ஓஎஸ்என்ஆர் (ஒளி சிக்னல்-இரைச்சல் விகிதம்) கணக்கு இரண்டையும் ஒரே இடத்தில் போடுவது நல்லதும்கூட. ஃபைபர் அறுந்து இருபது பாதையை ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும், அதே அறுப்பில் கன்ட்ரோலருக்குப் போகும் வழியும் போய்விட்டது என்றால், நோடுகளே பேசிக்கொள்வது கைகொடுக்கும். வழியைக் கன்ட்ரோலரோ பிசிஇயோ (வழி கணக்கிடும் தனி சர்வர்) கணக்கிட்டு ஈஆர்ஓவில் லேபிளோடு கொடுத்து, எழுப்புவதை ஆர்எஸ்விபியிடம் விடுவது என் விருப்பம். 24/11 அதோடு பெரும்பாலும் நின்றுவிடும்.

---

நாரிழை

அட்மின்_ஸ்டேட்டஸ் வைத்து எழுப்பினேன், நீக்கினேன். எழுப்பும்போது அலாரம் இல்லை. நீக்கும்போதும் இல்லை, ஆனால் 1–5–4 பாதை உடனே போகிறது, 1–2–3 பாதை (3-இல் முடிவது) கட்டளை கொடுத்து 30 நொடி கழித்துத்தான் போகிறது.

---

தடம்பார்ப்பவர்

அப்படியானால் 3-ஆம் நோடு கடைசி நோடாக இருக்கும்போது ரெஸ்வில் திருப்பி அனுப்பவில்லை. நடுவில் இருந்தால் கடத்திவிடுகிறது, அதனால் 4 வரை போகும் பாதையில் தெரியாது. 3-இலிருந்து வெளியேறும் ரெஸ்வைப் பிடித்து, அட்மின்_ஸ்டேட்டஸ், கிளாஸ் 196, இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அந்தப் புது மென்பொருளின் அமைப்பில் தனியாக இயக்க வேண்டியிருக்கலாம்.

---

நாரிழை

பிடித்தேன், 196 இல்லை. அமைப்பில் ‘மென்மையான நீக்கம்’ அணைத்து வைக்கப்பட்டிருந்தது. இயக்கியதும் பாதை உடனே போகிறது.